மக்பார்லேன் பர்னட்

ஆஸ்திரேலிய நாட்டின் விக்டோரியா மாநிலத்தில் டிராரல்கன் என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1899ஆம் ஆண்டில் பிறந்தவர் பிராங்க் மக்பார்லேன் பர்னட். தந்தையார் வங்கி மேலாளர். இளமையில் பர்னட் கூச்சம் மிக்கவர். பிள்ளைகளோடு கூடி ஆடுவதினும், வண்டுகளைத் தேடிப் பிடித்து இனம் பிரித்து வைப்பதிலே இன்பம் கண்டவர்.

அவர் மெல்போர்னில் மருத்துவம் பயின்ற காலத்தில், உலகைச் சூழ்ந்த இன்புளுயென்சாக் காய்ச்சல் 1919இல் ஆஸ்திரேலியாவையும் பற்றியது. முதியோரையும் குழவிகளையுமே பெரிதும் மாய்ப்பது அந்நோயின் இயல்பு. அம்முறையோ கட்டிளங்காளையரும் நுரையீரலில் நீர் கோத்து மாண்டனர். வலியுடையார் வீழ்ந்தது ஏன்? 1942இல் எலன் கிளார்க் என்பாருடன் எழுதிய நூலில் பர்னட் இவ்வினாவை ஆராய்ந்தார்.

இன்புளுயென்சா வைரஸ் 1933இல் இலண்டனில் கண்டறியப்பட்டபொழுது அவர் அவ்வாய்வகத்திலேயே பணியாற்றிக்கொண்டிருந்தார். நாடு திரும்பியபின், கருக்கொண்ட கோழி முட்டையில் அவ்வைரஸை வளர்க்கும் முறையைச் செம்மை செய்தார். தடுப்பு மருந்து ஆக்க முட்டை இன்றும் பயன்படுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, வலிமை குன்றச் செய்த வைரஸைப் படைவீரரின் மூக்கில் தெளித்துப் பார்த்தார். கருதிய பயன் கிட்டவில்லை.

வைரஸை ஆராய்ந்தவரது உள்ளம், அதனை எதிர்க்கும் உடலின்பால் மெல்லத் திரும்பியது. பகைப்பொருளை அச்சாகக் கொண்டே உடல் எதிர்ப்பொருளை வார்க்கிறது என்பது அந்நாளைய கொள்கை. பர்னட் அதனை மறுத்தார். ஒவ்வொரு பகைக்கும் ஏற்ற வெள்ளணுக்கள் முன்னரே சிற்சில உள. பகை புகுந்ததும் அதற்குப் பொருந்திய அணு மட்டும் பல்கிப் பெருகுகிறது. அதற்குச் சில நாள் செல்லும். நோய் தணிந்தபின்னும் அவ்வணுக்களிற் சில எஞ்சி நிற்கும். தன் உடலையே பகையெனக் கொள்வன தொடக்கத்திலேயே களையப்படும் என்பது அவர் கண்ட கொள்கை. 1957இல் இதனைத் தம் நாட்டுச் சிறிய இதழொன்றிலேயே வெளியிட்டார். பிழையாயின் பிறர் கண்ணிற் படாது. மெய்யாயின் முதன்மை தமக்கு உண்டு என்பது அவர் எண்ணம். அடக்கத்தோடு கலந்த நல்ல சூழ்ச்சி அது! மறு ஆண்டே அவரது ஆய்வகத்தில் நாசல், லெடர்பர்க் இருவரும், ஓர் அணு ஒருவகை எதிர்ப்பொருளையே ஆக்குவதைக் கண்டனர்.

1960இல் மெடாவருடன் நோபல் பரிசு பெற்றார். ஆயின் அது உடல் அயற்பொருளைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை பற்றிய ஆய்வுக்கு வந்தது. அவர் பெரிதும் மதித்த கொள்கைக்கு அன்று.

பர்னட் 1985இல் மறைந்தார். கடும் நோயில் காவலணுக்களே அளவிறந்து திரண்டு, நுரையீரலின் காற்றறைகளைச் சிதைப்பதும் உண்டு எனப் பின்வந்தோர் விளக்கினர். 2020இல் கொரோனா நோய் முற்றி உயிர்வளி வேண்டிநின்றோர்க்கு, அவ்வெழுச்சியைத் தணிக்கும் டெக்ஸாமெதாசோன் என்னும் மருந்தை இங்கிலாந்தில் அளித்தனர். அவர்களுள் இறப்புக் குறைந்தது.