திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

ஒரு கூட்டம் எவ்வாறு நிறைவுற வேண்டும் என்பதைச் செயலால் உணர்த்தியவர், கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார். 1893இல் சென்னையில் அவர் முன்னின்று நடத்திய பறையர் மகாஜன சபைக் கூட்டம் குறைகூறிக் கலைந்துவிடவில்லை. சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதியாரே அதிகாரம் பெறுவர் என்று அஞ்சித் தீர்மானம் இயற்றிற்று. 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குச் சென்றது. 1924இல் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்த தீர்மானமோ, பொதுச் சாலையும் கிணறும் அனைவர்க்கும் உரியன என்னும் அரசாணையாய் மலர்ந்தது.

1945இல் மறைந்த அப்பெருந்தகைக்கு அடையாற்றை அடுத்த காந்தி மண்டப வளாகத்தில் நினைவு மண்டபம் உண்டு. இளைஞர்களே! நம் கூட்டங்களும் புலம்பலோடு கலையாதிருக்கட்டும். இன்னார் இன்ன பணியை இன்ன நாளுக்குள் முடிப்பார் என்னும் உறுதியோடு நிறைவுறுக. உறுப்பினர் உள்ளத்தில் நம்பிக்கை தங்கும்.