மயிலாடி மகராசன் வேதமாணிக்கம்

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, பலர் பெயர் நினைவுக்கு வந்தன. நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். ஆகவே, நம் இளைஞர் பெரும்பாலோர் பெயரளவிலும் கேட்டிராத ஒருவரைத் தேர்ந்தேன். அவர் குமரி முனைக்கு அருகில் வாழ்ந்தவர். மறைந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. கிறிஸ்தவர்; நம் குலத்தவர். நம் சங்கத்தில் இந்துக்களும் உளர், கிறிஸ்தவர்களும் உளர், பௌத்தம் தழுவியோரும் உளர். ஓர் ஆண்மகன் மானத்தோடு வாழ்வது எங்ஙனம் என்பதை அறிய விழைவோர் அனைவருக்கும் இவ்வரலாறு பொருந்தும்.

நாகர்கோவிலுக்குக் கிழக்கே, சுசீந்திரத்திற்கு அப்பால் மயிலாடி என்றோர் ஊர் உள்ளது. மாமல்லபுரத்தைப் போலவே அங்கும் கற்சிற்பிகள் மிகுதி. இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகராசன். சாம்பவர் என்பது நம் பகுதியில் பறையர் எனப்படும் குலத்தின் தென்கோடிப் பெயராகும். அக்காலத் திருவிதாங்கூரில் பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் பட்ட அடிமைகளாயிருந்தனர். அடிமைமுறை அங்கு முற்றாக ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். ஒடுக்கப்பட்ட குலத்து ஆண்கள் தலைவரி கட்ட வேண்டும். கூலியில்லா ஊழியமும் செய்ய வேண்டும். இத்தகைய நாட்டில், தமக்கெனச் சிறிது நிலம் வைத்து உழுது பிழைத்த குடும்பம் மகராசனுடையது. இழப்பதற்கு ஏதேனும் உள்ளவனுக்கே அச்சமும் மிகுதி. இதனை மனத்தில் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

மகராசன் பக்தி மிக்கவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தம் மருமகன் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். மயிலாடியிலிருந்து சிதம்பரம் 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. முழுதும் கால்நடைப் பயணம். ஆதனூர் நந்தனார் எந்த வாயிலில் நின்று ஏங்கினார் என்று சொல்லப்படுகிறதோ, அதே தில்லையை நோக்கி அதே குலத்து உழவர் ஒருவர் நடந்தார். நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது என்பது புராணம். மகராசனுக்கு அங்கே மன நிறைவு கிட்டவில்லை. கண்ட காட்சிகள் அவரை வருத்தின என்றும், கனவில் ஒரு முதியவர் தோன்றித் திரும்பிச் செல்லப் பணித்தார் என்றும் மயிலாடி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

திரும்பும் வழியில் தஞ்சையில் இருந்த உறவினரைக் காணச் சென்றார். சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மறைந்தபின் தஞ்சைத் திருச்சபையை நடத்தி வந்தவர் கோலாப் ஐயர். அவருடைய அருளுரையை மகராசன் கேட்க நேர்ந்தது. ஆலயத்தினுள்ளே வந்து அமர்ந்து கேட்கலாம் என்ற அந்த ஒன்றே, தில்லையிலிருந்து வந்தவருக்கு எத்தகைய உணர்ச்சியைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அங்கேயே தங்கிப் போதனை பெற்றுத் திருமுழுக்கும் பெற்றார். மகராசன் வேதமாணிக்கம் ஆனார்.

தஞ்சையிலேயே தங்கியிருந்தால் தொல்லையில்லை. ஏதேனும் ஒரு வேலையும் கிடைத்திருக்கும். அவரோ நூல்கள் சிலவற்றைப் பெற்றுக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பினார். தம் வீட்டாருக்கும் உறவினருக்கும் தாம் கற்றதைக் கற்பித்தார். சில ஆண்டுகளில் ஒரு சிறு கூட்டம் அவரைச் சூழ்ந்தது. துரையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, கும்பினியாரின் ஆதரவும் இல்லை. வெள்ளைக்காரர் வந்து சோறு போட்டு மதம் மாற்றினர் என்று பேசுவோர் இந்தச் சில ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. மயிலாடிச் சபை ஒரு மிஷனெரி காலடி வைக்கும் முன்பே பிறந்துவிட்டது.

தொல்லைகள் தொடங்கின. நிலத்தைப் பறிக்க முயன்றனர், வழக்குகள் தொடுத்தனர், உடன் வந்தவர்களை மிரட்டினர். சாதியின் பேரால் கட்டுண்டவன் தலை நிமிர்ந்தால் அவன் நிலத்தின்மேல்தான் முதலில் கை விழும். இதை நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1891இல் செங்கற்பட்டில் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் துரை நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அப்படிப் பெற்ற நிலங்களும் கைமாறிப் போயின. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994ஆம் ஆண்டு, காரணைப் பஞ்சமி நிலத்துக்காக, செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்கள் பலியாயின.

வேதமாணிக்கத்தின் மன உறுதி ஒரு கட்டத்தில் அசைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. தம் கூட்டத்தாரை அழைத்துக்கொண்டு திருவிதாங்கூரை விட்டே வெளியேறி, கும்பினி ஆட்சிப் பகுதியில் குடியேறிவிடலாமா என்று எண்ணி மீண்டும் தஞ்சைக்கு நடந்தார். இருக்கும் இடத்திலேயே நிலைத்திருக்குமாறும், ஒரு குருவை அனுப்ப ஏற்பாடு செய்வதாகவும் கோலாப் ஐயர் கூறினார். வேதமாணிக்கம் ஊர் திரும்பினார். ஓடிப்போவதற்கு வழி திறந்திருந்தும், தம்மை நம்பியவர்களோடு பழைய இடத்திலேயே நின்றார். வீரம் என்றால் சிலம்பம் சுழற்றுவதும் மீசை முறுக்குவதும் என நம் பிள்ளைகள் திரைப்படம் பார்த்துக் கற்கின்றனர். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் இதனோடு மல்லாடுகிறேன்.

எதிர்பார்த்த குரு வந்து சேர்ந்தார். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1804இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, 1806 ஏப்ரல் 25இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து மயிலாடியை அடைந்தார். அவர் ஒரு விந்தை மனிதர். திருமணம் செய்துகொள்ளாதவர், உடையில் கவனமில்லாதவர், சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர். முதற்சில ஆண்டுகள் அவர் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். அவ்விடைவெளிகளில் சபையைத் தாங்கியவர் வேதமாணிக்கமே.

ஆலயம் கட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 1808ஆம் ஆண்டின் இறுதியில் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக எழுச்சி செய்தபோது, கிறிஸ்தவர்கள் வெள்ளையரின் ஆட்களாகக் கருதப்பட்டனர். வேதமாணிக்கமும் அவரைச் சார்ந்தோரும் மலைகளில் ஒளிந்து உயிர் காத்தனர் என்பர். வேலுத்தம்பி நாட்டு விடுதலைக்காக உயிர் நீத்தவர் என்று பாடநூல்கள் போற்றுகின்றன. அதில் குறைகூற யாதுமில்லை. ஆயினும் அதே நாட்களில் மலையில் மறைந்திருந்த உழவர் குடும்பங்களும் இந்நாட்டு மக்களே என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அவ்வாண்டிலேயே பள்ளிக்கூடமும் தொடங்கிற்று. அடிமைகளை விற்கும் நாட்டில் அடிமைகளின் குலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து! பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்ட அக்கல்விப் பணியே வளர்ந்து இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக விளங்குகிறது. அக்கல்லூரி தன் தோற்றத்தை 1809 என்றே குறிக்கிறது.

தாமரைக்குளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சபைகள் தோன்றின. அவற்றில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் நாடார் குலத்தினர். 1816இல் உடல் நலிந்த ரிங்கல்தௌபே நாட்டை விட்டுப் புறப்பட்டார். கடற்பயணம் சென்ற அவர் பின்பு என்னவானார் என்பது இன்றளவும் தெரியவில்லை. புறப்படும்போது சபைகள் அனைத்தின் பொறுப்பையும் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். 1818இல் மீட் ஐயர் வந்து சேரும் வரை, ஏறத்தாழ ஈராண்டுக் காலம், சாம்பவர் ஒருவர் பல குலத்தார் கூடிய சபைகளுக்குத் தலைவராயிருந்தார். 1816ஆம் ஆண்டில், தெருவில் எத்தனை அடி தள்ளி நடக்க வேண்டும் என்று குலத்துக்குக் குலம் கணக்கு வைத்திருந்த நாட்டில், இது நடந்தது. ஆலயம் கட்டியதைக் காட்டிலும் இதனையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

அந்த வழக்கம் நிலைத்ததா என்று இளைஞர்கள் கேட்பர், கேட்கவும் வேண்டும். நிலைக்கவில்லை. மீட் ஐயரே 1850களின் தொடக்கத்தில் சாம்பவர் குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்தபோது, மிஷன் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. அதற்குப் பின்னும் திருச்சி போன்ற ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுந்தது. அரசும் தன் பங்கைச் செய்தது: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிக்கப்பட்டது, கிறிஸ்தவர் விடுபட்டனர். கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர்க்கும் அத்தகுதி வேண்டும் எனத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. கோவிலில் ஒரு பெயரும் சான்றிதழில் மற்றொரு பெயருமாக நம் பிள்ளைகள் வாழ நேரும் அவலம் இதிலிருந்து வந்தது. அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். படிப்புக்கும் பிழைப்புக்கும் பெயரை விலையாகக் கேட்கும் சட்டமே நாணவேண்டும். ஆனால் வேதமாணிக்கம் தம் பெயரை ஊரறியச் சொன்னார். அதற்கான விலையை நிலத்திலும் நிம்மதியிலும் கொடுத்தார் என்பதையும் அப்பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

மீட் ஐயர் வந்தபின் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்குச் சென்றது. ஐரோப்பியரின் அறிக்கைகளில் வேதமாணிக்கத்தின் பெயர் குறைந்துகொண்டே வந்தது. அழைத்து வந்தவருக்கு ஒரு பத்தி, அழைக்கப்பட்டவருக்கு ஒரு நூல் என்பது மிஷன் சரித்திரங்களின் வழக்கம். அவர் அதனால் மனம் கசந்து ஒதுங்கியதாகத் தெரியவில்லை. மயிலாடியிலேயே வாழ்ந்து 1827இல் காலமானார்.

மயிலாடி ஆலயத்திற்கு ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என்று பெயர். இருவர் பெயரும் சேர்ந்தே உள்ளன. நம் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா சென்று, திருவள்ளுவர் சிலையையும் சூரிய உதயத்தையும் கண்டு திரும்புகின்றனர். நாகர்கோவில் செல்லும் வழியில் சற்று விலகிச் சென்றால், உளிச்சத்தம் கேட்கும் அந்த ஊரில் இவ்வாலயத்தையும் காணலாம்.