மேரி கவெனா புக்குயி

மேரி கவெனா புக்குயி (ஏப்ரல் 20, 1895 – மே 21, 1986) ஹவாய் மொழி அறிஞர், அகராதியியலாளர், மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர், பாடலாசிரியர் மற்றும் ஹூலா நடன வல்லுநர் ஆவார். ஹவாய் மொழி பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலத்தில் அதன் சொற்களையும் பழமொழிகளையும் வாய்மொழிக் கதைகளையும் இவர் தொகுத்து வந்தார். 1980களில் வலுப்பெற்ற ஹவாய் மொழி மீட்பு முயற்சிகளுக்கு இவரது நூல்களே முதன்மையான கருவிகளாக அமைந்தன.

காலப் பின்னணி

ஹவாய் மொழி பசிபிக் பெருங்கடல் தீவுகளில் வழங்கும் பொலினீசிய மொழிகளுள் ஒன்று. 1820களில் கிறித்தவ மதபோதகர்களின் முயற்சியால் இலத்தீன் எழுத்துகளில் எழுதப்படலாயிற்று. 1834இல் முதல் செய்தித்தாள் தோன்றியது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் இம்மொழியில் வெளிவந்தன. எனவே இது எழுத்து வழக்கின்றி நலிந்த மொழி அன்று. நன்கு எழுதப் படிக்கப்பட்ட ஒரு நாட்டின் மொழியாகும். 1893இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் இயற்றப்பட்ட சட்டம் ஆங்கிலத்தைப் பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கியது. 1898இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. வீட்டில் ஹவாய் மொழி பேசுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதால், பிள்ளைகளின் நலன் கருதிப் பெற்றோரே அவர்களிடம் ஆங்கிலம் பேசத் தொடங்கினர். மொழியின் வீழ்ச்சிக்குச் சட்டத்தைவிட இம்மாற்றமே பெரிய காரணம் எனலாம்.

இளமை

புக்குயி ஹவாய்த் தீவின் தென்பகுதியிலுள்ள கஊ மாவட்டத்தில் பிறந்தார். தந்தை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்து வந்தவர். தாய் ஹவாய் இனத்தவர். முதல் குழந்தை பெண்ணாயின் தாய்வழிப் பாட்டியிடம் வளரக் கொடுப்பது ஹவாய் மரபு. அவ்வாறே இவரைப் பாட்டி நலிஇபோஐமோக்கு வளர்த்தார். பாட்டி முன்பு எம்மா அரசியின் அவையில் நடனமாடியவர், மருத்துவமும் அறிந்தவர். வழிபாட்டுப் பாடல்கள், குலவரலாறு, மூலிகைகளின் பெயர்கள் ஆகியவற்றைப் பேத்தி அவரிடமிருந்தே கற்றார். பாட்டியின் மறைவுக்குப் பின் பெற்றோரிடம் திரும்பி, இரு மொழிகளிலும் தேர்ச்சி பெற்றார்.

மாணவியாக இருந்தபோது, ஆங்கிலம் புரியாத புதிய மாணவி ஒருத்திக்கு ஹவாய் மொழியில் விளக்கம் சொன்னதற்காகப் பள்ளியில் தண்டிக்கப்பட்டார். 1913இல் நெப்போலியன் புக்குயி என்பவரை மணந்தார். ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த இரு பெண் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார். தடைபட்ட உயர்நிலைப் பள்ளிப் படிப்பை ஏறத்தாழ 28ஆம் வயதில் முடித்தார். பின்னர் ஹொனலூலுவின் புனஹோ பள்ளியில் ஹவாய்ப் பண்பாட்டைக் கற்பித்தார்.

தொகுப்புப் பணி

1938 முதல் 1961 வரை ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். பழைய ஹவாய் இதழ்களிலும் கையெழுத்துப் படிகளிலும் இருந்தவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒலிப்பதிவுக் கருவியுடன் தீவுகள்தோறும் சென்று முதியோரின் பேச்சைப் பதிவு செய்தார். குடும்பத்துக்குள் மட்டுமே கைமாறி வந்த அறிவை ஆய்வாளர்களுடன் பகிர்ந்தது மரபை மீறிய செயலே. ஆயினும் பெற்றுக்கொள்ள இளையோர் இல்லாத நிலையில், பகிராமல் விட்டிருந்தால் அதில் பெரும்பகுதி முதியோருடனேயே மறைந்திருக்கும்.

இவரது பணிகளுள் தலையாயது, மொழியியலாளர் சாமுவேல் எல்பர்ட்டுடன் இணைந்து உருவாக்கிய ஹவாய்–ஆங்கில அகராதி ஆகும். இது 1957இல் வெளியானது. 1865இல் வெளியான லோரின் ஆண்ட்ரூசின் அகராதியில் சுமார் 15,500 சொற்கள் இருந்தன. புக்குயி–எல்பர்ட் அகராதியின் 1986ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹவாய்ச் சொற்பதிவுகள் 29,000ஐத் தாண்டின.

எண்ணிக்கையைவிட முக்கியமானது எழுத்துமுறை. தமிழைப் போலவே ஹவாய் மொழியிலும் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். அத்துடன் தொண்டையில் மூச்சை ஒரு கணம் நிறுத்தி எழுப்பும் ஒலி அங்கு ஒரு மெய்யெழுத்தாகும். பௌ என்றால் முடிந்தது. நடுவில் மூச்சை நிறுத்திப் ப-உ என்றால் கரி. இரு உயிர்களையும் நீட்டிப் பா-ஊ என்றால் பெண்கள் அணியும் பாவாடை. முந்தைய நூல்கள் இவ்வேறுபாடுகளைச் சீராகக் குறிக்கவில்லை. தாய்மொழியாகப் பேசியோருக்கு அது குறையாகத் தெரிந்திராது. நூலிலிருந்து கற்பவருக்கோ அக்குறிகள் இன்றியமையாதவை. மரபறிந்த பேச்சாளர்கள் இருந்தபோதே இவ்வகராதி அவற்றை இட்டுவைத்தது. இல்லையெனில் பல சொற்களின் ஒலிப்பைப் பின்னர் ஊகிக்க மட்டுமே முடிந்திருக்கும்.

இவர் எழுதியும் இணைந்தெழுதியும் வெளிவந்த ஆய்வு நூல்களும் கட்டுரைகளும் 50க்கு மேற்பட்டவை. 150க்கு மேற்பட்ட பாடல்களையும் இயற்றினார். 1983இல் வெளியான பழமொழித் தொகுப்பில் 2,942 பழமொழிகள் விளக்கத்துடன் உள்ளன.

மொழி மீட்பு

1978இல் ஹவாய் மாநில அரசியலமைப்பு, ஆங்கிலத்துடன் ஹவாய் மொழியையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் 1980களின் தொடக்கத்தில், தனியாருக்குச் சொந்தமான நீஹாவு தீவுக்கு வெளியே இம்மொழியைச் சரளமாகப் பேசிய சிறுவர் மிகச் சிலரே. அகராதியால் மட்டும் ஒரு குழந்தையைப் பேச வைக்க முடியாது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய மழலைப் பள்ளிகளைப் பின்பற்றி, பூனானா லேயோ என்னும் அமைப்பு 1984இல் கவுவாய் தீவில் முதல் பள்ளியைத் திறந்தது. அங்குக் குழந்தைகளிடம் ஹவாய் மொழி மட்டுமே பேசப்பட்டது. பெற்றோரும் மொழி கற்க வேண்டும், பள்ளி வேலைகளில் பங்கேற்க வேண்டும் என்பன விதிகள்.

ஹவாய் மொழியில் கற்பிப்பதற்கு இருந்த சட்டத்தடை, புக்குயி மறைந்த 1986ஆம் ஆண்டிலேயே நீங்கியது. 1987இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய்வழி வகுப்புகள் தொடங்கின. அவ்வழியில் பயின்ற முதல் மாணவர்கள் 1999இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தனர். பாடநூல்களுக்குத் தேவையான புதிய சொற்களைப் பெரும்பாலும் பழஞ்சொற்களை இணைத்தே உருவாக்கினர். கணினியைக் குறிக்கும் லோலோ-உவிலா என்பது மூளை, மின்சாரம் என்னும் இரு சொற்களின் கூட்டு.