தேர்வு எழுதித் திறந்த கதவு: சர் பொன்னம்பலம் அருணாசலம்

அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, அங்கே நமக்கு யாரைத் தெரியும் என்பதுதான். 'கேபிள்' இருந்தால்தான் கிடைக்கும் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே, எஸ்.பி.எம். நன்றாகச் செய்த பிள்ளைகள்கூடப் பாரத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். சிபாரிசு ஒன்றே சட்டமாக இருந்த காலத்தில், தேர்வு எழுதி உள்ளே போன ஒரு தமிழரின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. அவர் இலங்கையைச் சேர்ந்த சர் பொன்னம்பலம் அருணாசலம்.

சிபாரிசுக் காலம்

பிரிட்டிஷ் ஆட்சியின் தொடக்கத்தில் உயர்ந்த உத்தியோகங்கள் எல்லாம் வேண்டியவர்களுக்கே போயின. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்கள் மகன்களையும் மருமகன்களையும் நண்பர் வீட்டுப் பிள்ளைகளையும் வேலைக்கு முன்மொழிந்தார்கள். இலங்கையிலும் கவர்னரின் தயவும் லண்டன் அமைச்சரின் தயவும் இருந்தவர்களே சிவில் சர்வீஸில் சேர்ந்தார்கள்.

இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மாறத் தொடங்கியது. இந்தியச் சிவில் சர்வீஸுக்கு 1855இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. அதற்கு முந்தின ஆண்டு, பிரிட்டனிலேயே அரசாங்க வேலைக்குத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று நார்த்கோட், டிரெவெல்யான் என்ற இருவர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். அவர்களில் டிரெவெல்யான் பின்னர் மதராஸுக்குக் கவர்னராக வந்தவர். 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் அந்தத் தேர்வில் வென்று, இந்தியச் சிவில் சர்வீஸில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார்.

செல்வாக்கான வீட்டுப் பிள்ளை

அருணாசலம் 1853 செப்டம்பர் 14ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை பொன்னம்பல முதலியார் கொழும்புக் கச்சேரியில் காசாளர். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார், சட்டசபையில் தமிழர் சார்பில் நியமிக்கப்பட்ட முதல் உறுப்பினர். தாய்மாமன் சர் முத்துக் குமாரசுவாமி, லண்டனில் பெயர் பெற்ற பாரிஸ்டர். அண்ணன் பொன்னம்பலம் இராமநாதனும் பிற்காலத்தில் பெரிய தலைவரானார். சிபாரிசுக் கடிதத்துக்குப் பஞ்சமில்லாத குடும்பம் அது.

ஆனால் அந்தக் குடும்பத்தார் எட்டக்கூடிய உயரத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. முதலியார் பட்டம் கிடைக்கும், மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும், காசாளர் நாற்காலி கிடைக்கும். நாட்டை நடத்தும் சிவில் சர்வீஸ் வெள்ளையர் கையில் இருந்தது.

கொழும்பு அக்காடமியில் படித்த அருணாசலம் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்றார். அவருக்கு வக்கீலாக வேண்டும் என்றுதான் விருப்பம். மாமனின் யோசனையை ஏற்று இலங்கைச் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு உட்கார்ந்தார். 1875இல் வெற்றி பெற்றார். திறந்த போட்டித் தேர்வு வழியாக அந்தச் சர்வீஸில் நுழைந்த முதல் இலங்கையர் அவரே. அப்போது அவருக்கு வயது 21.

உள்ளே இருந்த இரண்டாவது கதவு

தேர்வில் வென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே போன பிறகு யாரை எங்கே அமர்த்துவது, யாரை எப்போது உயர்த்துவது என்பதெல்லாம் மேலே இருந்தவர்களின் விருப்பப்படியே நடந்தன. மாகாணங்களை ஆண்ட அரசாங்க ஏஜெண்டு பதவிகள் ஐரோப்பியருக்கே கிடைத்தன. இலங்கையரைப் பெரும்பாலும் நீதிமன்றங்களுக்கே அனுப்பினார்கள். அருணாசலமும் பல ஊர்களில் நீதிபதியாக ஆண்டுக்கணக்கில் பணியாற்றினார்.

1880களின் பிற்பகுதியில் கவர்னர் சர் ஆர்தர் கோர்டன் அவருடைய திறமையைக் கண்டு, அவரைவிட மூத்த பலரைத் தாண்டி அவரைப் பதிவாளர் நாயகம் பதவிக்குக் கொண்டுவந்தார். சர்வீஸில் பலருக்கு இது பிடிக்கவில்லை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திறமைக்கு உரிய இடம் கிடைப்பதற்கும் நல்ல மனம் படைத்த ஒரு கவர்னர் வர வேண்டியிருந்தது. வேறொரு கவர்னர் வந்திருந்தால் அந்த இடம் கிடைக்காமலே போயிருக்கலாம். வேலைக்கு எடுப்பதற்கு விதி வந்துவிட்டது. பதவி உயர்வுக்கு இன்னும் விதி வரவில்லை.

கிடைத்த நாற்காலியை அவர் வீணாக்கவில்லை. காணிப் பதிவுகளை ஒழுங்குபடுத்தினார். பத்திரம் சரியாகப் பதியப்படாவிட்டால் ஏழையின் நிலம் எப்படிக் கைமாறிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பை நடத்தி, சுமார் 35 லட்சத்து 66 ஆயிரம் மக்களைப் பற்றிய பெரிய அறிக்கையை எழுதினார். வெறும் எண்களோடு நிற்காமல் தீவின் வரலாறு, மொழிகள், சமயங்கள், பழக்கவழக்கங்கள் அனைத்தையும் அதில் சேர்த்தார். 1906இல் சட்டசபையிலும், 1912இல் நிர்வாக சபையிலும் இடம் பெற்றார். 1913இல் ஓய்வுபெற்றார். ஆயினும் கவர்னருக்கு அடுத்ததான காலனிச் செயலாளர் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

மலாயாவில் நிலைமை

அதே காலத்தில் இங்கே நிலைமை இன்னும் மோசம். மலாயாவின் உயர் சிவில் சர்வீஸுக்குத் தேர்வு எழுதுபவர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கலப்பற்ற ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்று 1904இல் விதி செய்தார்கள். அருணாசலம் போன்ற ஒருவர் இங்கே வந்திருந்தால் தேர்வு மண்டபத்துக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது. படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் இங்கே கிராணியாகவும் ரயில்வே ஊழியராகவும் வந்தார்கள். நம் வட்டாரத் தோட்டங்களில் அதிகாரம் என்றால் மேலே துரை, அடுத்தது கிராணியார் என்றுதான் மக்கள் அறிந்திருந்தார்கள்.

மலாய்க்காரர்களுக்கும் எளிதில் வழி கிடைக்கவில்லை. நம் பேராவில் கோலகங்சார் மலாய்க் கல்லூரி 1905இல் தொடங்கியபோது, அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்தே தொடங்கினார்கள். 1910இல் மலாய்க்காரர்களை நிர்வாகப் பணியில் சேர்க்க ஒரு திட்டம் வந்தது. 1957இல் சுதந்திரத்தோடு பொதுச் சேவை ஆணையமும் வந்தது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஆணையம் 1929இலேயே மதராஸ் மாகாணத்தில் அமைந்துவிட்டது.

மற்றவர்களுக்காக

ஓய்வுபெற்ற அருணாசலம் 'சர்' பட்டத்தோடு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. தாம் வென்ற தேர்வு எல்லாருக்கும் பொதுவானது என்று பெயர்தானே தவிர, கடல் கடந்து படிக்க வழி இருந்தவர்களுக்கே அது எட்டியது. படிக்கப் பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைக்குப் போட்டித் தேர்வு வைத்து என்ன பயன்? அதனால் இலங்கையிலேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதலே சங்கம் அமைத்துப் போராடினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. தாய்மொழிக் கல்விக்காகவும் பாடுபட்டார்.

தோட்டத் தொழிலாளர்களுக்காக அவர் செய்த வேலையைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் மக்கள் மறக்கக் கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய கடனைக் காட்டும் 'துண்டு'ச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு கையில் வராதவரை கூலியாள் கொத்தடிமைதான். 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்து இந்த முறையை எதிர்த்தார். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

அதே 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் அவர்தான். சிங்களரும் தமிழரும் ஒரே அணியாக நிற்க வேண்டும் என்று உழைத்தார். மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றானதும் 1921இல் மனவேதனையோடு விலகினார். தென்னிந்தியாவுக்கு யாத்திரை வந்திருந்தபோது 1924 ஜனவரி 9ஆம் நாள் மதுரையில் காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு

அருணாசலத்தின் வாழ்க்கையிலிருந்து நாம் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, யாரும் கடிதம் தரத் தேவையில்லாத ஒரு கதவு இருக்கும்போது அதைத் தட்டாமலே திரும்பக் கூடாது. விண்ணப்பமே போடாத பிள்ளையை எந்த ஆணையமும் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டாவது, முதல் கதவு திறந்துவிட்டது என்பதற்காக எல்லாக் கதவும் திறந்துவிட்டதாக எண்ணக் கூடாது. உள்ளே போனவர் அடுத்தவர் வருவதற்கு வழி செய்ய வேண்டும்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் இன்று அரசாங்க வேலையில் இருக்கும் நம் சகோதரர்களும் சகோதரிகளும் இதற்குப் பெரிய காரியம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாதம் ஒரு மாலை சங்கத்தில் உட்கார்ந்து, பாரம் நிரப்புவது எப்படி, தேர்வுக்கு என்ன படிப்பது, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். கேபிள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே பெரிய துணை.