ஸ்டார்ட் ஆகாத வண்டியும் ஜி.டி.நாயுடுவும்

அத்திப்பட்டுல உங்க தாத்தா வீட்டு வாசல்ல ஒரு பழைய அம்பாசிடர் தார்ப்பாய்க்குள்ள நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ஆசையா சாவியைத் திருப்புறீங்க. எஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. என்ன பண்ணுவீங்க? முதல்ல பேட்டரியை மாத்துவீங்க. அப்புறம் பிளக்கை. கடைசியில பர்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீங்க.

ஜி.டி.நாயுடுவா இருந்தா எதையும் மாத்துறதுக்கு முன்னாடி கழட்டிப் பார்த்திருப்பார். கோவை அவிநாசி சாலையில 2025-ல திறந்தாங்களே 10 கிலோமீட்டர் மேம்பாலம், அதுக்கு வெச்சிருக்குறது இவர் பேருதான்.

1893-ல கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்துல பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரல, பாதியிலேயே நின்னுட்டார். வாலிப வயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காம ஒரு வண்டி ஓடுதேன்னு மத்தவங்க வாயைப் பிளந்தப்போ, இவருக்கு அதை வாங்கியே ஆகணும்னு தோணிருச்சு. கோவைக்குப் போய் ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்து, சில வருஷம் காசு சேர்த்து, ஒரு ரட்ஜை வாங்கினார். வாங்கினதும் ஊரைச் சுத்தல. நட்டு நட்டா பிரிச்சுப் போட்டார். திரும்பவும் மாட்டினார். அவரோட இன்ஜினீயரிங் காலேஜ் அதுதான்.

அப்படிப் பிரிச்சுப் பார்த்தா முதல்ல புரியுற விஷயம் இது: பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியது பெட்ரோல் கலந்த காத்து, அதை அழுத்துற பிஸ்டன், சரியான நேரத்துல ஒரு பொறி. உங்க அம்பாசிடருக்கும் அதே கணக்குதான். எஞ்சின் வேகமா சுத்துதுன்னா பேட்டரி மேல சந்தேகம் வேண்டாம். கொஞ்ச நேரம் சுத்தவிட்டு, ஒரு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காஞ்சு கிடந்தா பெட்ரோல் வந்து சேரலைன்னு அர்த்தம். பம்ப், ஃபில்டர், மாசக்கணக்குல நின்ன பெட்ரோல் பிசினா அடைச்ச கார்பரேட்டர்னு தேடணும். ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, பொறியைத் தேடணும். பிளக்கை ஒயர்ல மாட்டி, அதோட உலோகப் பகுதி எஞ்சின்ல படுற மாதிரி வெச்சு சுத்தவிட்டா, நீல நிறத்துல பளிச்சுனு அடிக்கணும். (ரப்பர் பிடி போட்ட குறடால பிடிங்க. பக்கத்துல பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.)

நாயுடுவுக்கு இந்தக் கைப்பழக்கம்தான் தொழிலே ஆச்சு. 1920-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோட ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினார். நடுவழியில வண்டி நின்னா அவரேதான் குனியணும், பின்னாடி பயணிகள் காத்திருப்பாங்க. அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்ங்கிற பெரிய கம்பெனியா வளர்ந்துச்சு. அப்புறம் ரேஸர், ரேடியோன்னு அவர் கை வைக்காத பொருளே இல்லை. 1937-ல டி.பாலசுந்தரத்தோட சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரையும் தயாரிச்சார்.

1945-ல கோவையில ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினப்போ அவர்தான் முதல்வர். இன்னைக்கு நீங்க ஜி.சி.டி-ன்னு சொல்ற கல்லூரி. பள்ளிப் படிப்பை முடிக்காத மனுஷன் முதல்வர்! ஆனா வருஷக்கணக்கான படிப்பு வீண், கையால செஞ்சு பழகினா சீக்கிரமே கத்துக்கலாம்னு நின்னார். அரசாங்கம் ஒத்துக்கல, விலகிட்டார். அவர் சொன்னது முழுசா சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா டிப்ளோமா முடிச்சும் பிளக்கைக் கழட்டத் தெரியாத நண்பர்கள் எனக்கு இருக்காங்க.

எனக்கு வலிக்குற இடம் 1952. ரெண்டு பேர் உட்காருற பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும்னு தயாரா வந்து நின்னார் நாயுடு. தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கல. எந்த வண்டி எதனால நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறவரோட சொந்தக் கார் நின்னுபோனது ஒரு காகிதத்துக்காக. அதை எந்த ஸ்பேனரால சரிபண்ண? உங்க அத்திப்பட்டுக்குப் பக்கத்துல இருக்குற எண்ணூர்ல, கொஞ்ச வருஷம் முன்னாடிதான் அசோக் மோட்டார்ஸ் இங்கிலாந்தோட ஆஸ்டின் ஏ40 காரை மாட்டி விக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதுதான் பின்னாடி அசோக் லேலண்ட். அந்த வாசல் கோவைக்காரருக்குத் திறக்கல.

1974 ஜனவரி 4-ல நாயுடு காலமானார். அவிநாசி சாலையில அவர் பேர்ல மியூசியம் இருக்கு, பழைய கார்களுக்குன்னே தனியா ஒண்ணும் இருக்கு. கோவை போனா ரெண்டையும் பாருங்க.

அதுக்கு முன்னாடி தாத்தா வண்டி. பிளக் ஈரம், பொறி மட்டும் மங்கலா மஞ்சளா வருதா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டுங்க. உங்க ஊர் கடல் காத்து உள்ள ஈரம் கோத்திருக்கும், சி.பி. பாயின்ட் கறுத்துப்போயிருக்கும். மூடியைக் காஞ்ச துணியால துடைச்சு, பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால லேசா தேய்ச்சு, மூடியை மாட்டிட்டு சாவியைத் திருப்புங்க.