டோனாவூர் அம்மா



ஜனவரி 18-ந் தேதி கிறிஸ்தவ ஒற்றுமைக்காக ஜெபிக்கும் வாரம் துவங்குகிறது. 1951-ல் அதே நாளில்தான் நம் திருநெல்வேலிச் சீமையில் ஓர் உத்தமப் பெண்மணி கண்மூடினார். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உங்களில் அநேகர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

1867-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த அவர், 1895-ல் இந்தியா வந்தார். பின் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. 1901 மார்ச் மாதம், கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து, பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர் களக்காட்டுக்கு அருகேயுள்ள டோனாவூரில் இத்தகைய குழந்தைகள் நூற்றுக்கணக்கில் பெருகினர். 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் ஏற்றார்.

பிள்ளை ஒவ்வொன்றும் அவ்வீடு வந்து சேர்ந்த நாளை அங்கே விழாவாகக் கொண்டாடினார்கள். வெளியேறும் நாள் என்று ஒன்று குறிக்கப்படவில்லை. வளர்ந்த பெண்கள் பலர் அங்கேயே தங்கி, சிறியவர்களுக்கு அக்காள்மாராகவும், ஆசிரியைகளாகவும், தாதிகளாகவும் உழைத்தனர். 1931-ல் கீழே விழுந்த அம்மையார், ஏறத்தாழ 20 ஆண்டுகள் படுக்கையிலிருந்தே அக்குடும்பத்தைத் தாங்கினார்.

இன்றோ, இல்லங்களில் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைந்ததும் வெளியே வரவேண்டியவர்கள். உங்கள் மகனுக்கு 18 வயதானால் பெட்டியைக் கட்டி வாசலில் நிறுத்துவீர்களா? அவனுக்கு வேலை போனால் வீடு இருக்கிறது. மகளுக்குத் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு இருக்கிறது. இவர்களுக்கு எது தாய்வீடு?

2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் அதன் விதிகளும், இல்லத்தை விட்டு வந்தவர்களுக்கு 21 வயது வரையும், அவசியமானால் 23 வரையும் உதவி உண்டு என்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். அப்படி ஒரு பிள்ளையை நீங்கள் அறிந்தால் இதைச் சொல்லுங்கள். கூடவே சென்று விண்ணப்பமும் எழுதிக் கொடுங்கள். தொழில் உடையவர்கள் அவனைப் பழக்கி எடுங்கள். வாடகை வீட்டுக்கு ஜாமீன் நில்லுங்கள். பாஸ்காத் திருநாளன்று உங்கள் வீட்டில் அவனுக்கும் ஓர் இலை போடுங்கள்.

சிலுவையடியில் சேசுநாதர் அருளப்பருக்கு ஒரு தாயைத் தந்தபோது, அருளப்பர் பச்சிளங் குழந்தையல்லர், வளர்ந்தவரே. தாய் வேண்டாத வயது என்று ஒன்று உண்டென்றால், ஆண்டவர் அதை அறியாதவரா?

டோனாவூரில் அம்மையாரின் கல்லறைமேல் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் அவர் பெயர் இல்லை. பிள்ளைகள் அவரைத் தாயென்று அழைத்த சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது.