வேடம் கலையாமல் மறைந்த விசுவநாததாஸ்

1940 டிசம்பர் 31 இரவு. சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நாடகம். முருகன் வேடமிட்டு, மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த எஸ்.எஸ். விசுவநாததாஸின் உயிர் மேடையிலேயே பிரிந்தது.

1886-இல் சிவகாசியில், முடிதிருத்துவோர் குலத்தில் பிறந்தவர் அவர். பின்னர் திருமங்கலத்தில் வாழ்ந்தார். அந்நாளில் ஸ்பெஷல் நாடகங்களே பாமரரின் பெரும் பொழுதுபோக்கு. பல ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓர் இரவு கூடி நடிப்பார்கள். கதை அனைவரும் அறிந்தது. பாட்டும் தர்க்கமும் நடிகரின் திறமைக்கேற்ப நீளும்.

அந்த நெகிழ்ச்சியே அரசியலுக்கு வாசலாயிற்று. ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்ய ஆங்கிலேய அரசு 1876-லேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் புராண நாடகத்தை எக்காரணம் காட்டித் தடுப்பது? வள்ளியின் தினைப்புனத்தில் கதிர் தின்ன வரும் வெள்ளைக் கொக்கு, நாட்டைச் சுரண்டும் வெள்ளையராக மாறியதை எழுத்தறியாதவரும் புரிந்துகொண்டனர். 1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலையைப் பலர் செய்தித்தாளில் படிக்கவில்லை; தாஸின் பாட்டில்தான் கேட்டனர். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோரின் தேசியப் பாடல்கள் நாடக மேடை வழியே ஊரூராகப் பரவின. பாடியதற்காகத் தாஸ் பலமுறை சிறை சென்றார். விடுதலையானதும் மீண்டும் மேடையேறி அதையே பாடினார்.

அவர் எதிர்கொண்ட இன்னொரு தடைக்குச் சட்டம் தேவைப்படவில்லை. அவரது பிறப்பைக் காரணம் காட்டி, அவருக்கு இணையாக வள்ளி வேடம் ஏற்க உயர்சாதி நடிகையர் சிலர் மறுத்தனர். வேடுவர் குடியில் வளர்ந்த பெண்ணைக் கடவுள் மணக்கும் கதையை விடிய விடியக் கண்டு மகிழ்ந்த சமூகத்தில்தான் இதுவும் நடந்தது. மேடையில் முருகனாக வணங்கப்பட்டவர், திரை விழுந்ததும் தம் சாதிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

வெகுமக்கள் கலை காலத்தின் கண்ணாடி என்கிறோம். அதில் நாம் விரும்பும் முகத்தை மட்டும் பார்ப்பதே வழக்கம். விசுவநாததாஸின் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்களைக் காணலாம். அவருடன் நடிக்க மறுத்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான், விடுதலை கேட்ட அதே மக்கள் எதை விட்டுக்கொடுக்க மனமின்றி இருந்தனர் என்பது தெரியும்.

திருமங்கலத்தில் இன்று அவருக்கு அரசு நினைவில்லம் உண்டு. அவர் எதிர்த்த இரண்டு ஆதிக்கங்களில் ஒன்று 1947-இல் வெளியேறியது. மற்றொன்றை எதிர்த்துப் பாடும் பொறுப்பு இன்றைய மேடைக்கும் திரைக்கும் எஞ்சியிருக்கிறது.